தோழமை வளர்த்த பேராயர் அசரியா

ஒரு சமுதாயம் தன் இளைஞர்களுக்கு விட்டுச் செல்லத்தக்க செல்வங்களுள் சிறந்தவை இரண்டு. ஒன்று கல்வி, மற்றொன்று சான்றோர் வரலாறு. கல்வியை நாட வேண்டிய காரணத்தையும், கற்றபின் அதனைக் கொண்டு செய்ய வேண்டிய கடமையையும் சான்றோர் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது. நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், தாழ்த்தப்பட்டோராய் வைக்கப்பட்ட மக்களிடையே முப்பத்தைந்து ஆண்டுக் காலம் வாழ்ந்து, அவர்களோடு உண்டு, அவர்களோடு ஜெபித்து, அவர்களுள் இருந்தே குருமாரையும் ஆசிரியரையும் உருவாக்கிய ஒரு தமிழரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் நன்று. அவரே தோர்ணக்கல் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

அவர் கிறிஸ்தவத் திருச்சபையின் பேராயர். இம்மலரைப் படிப்போரில் கிறிஸ்தவரும் உளர், அல்லாதாரும் உளர். எனினும் ஒழுங்கான வழிபாடும், உண்மையான தோழமையும் ஒடுக்கப்பட்ட மக்களை எவ்வாறு நிமிர்த்த வல்லன என்பது எச்சமயத்தாரும் எண்ணிப் பார்க்கத்தக்க பொருளாகும்.

பிறப்பும் தாயின் வளர்ப்பும்

திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், பனைகள் நிறைந்த தேரிமண் பூமியில் அமைந்த சிற்றூர் வெள்ளாளன்விளை. அங்கு 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் அசரியா பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம், இந்து சமயத்தினின்று கிறிஸ்தவ நெறிக்கு வந்து குருவானவராகப் பணியாற்றியவர். தாயார் எலன் அம்மையார். நெடுநாள் வேண்டுதலுக்குப் பின் பிறந்த மகனாதலால், திருமறையில் வரும் அன்னாளின் மகனை நினைந்து சாமுவேல் எனப் பெயரிட்டனர்.

1889-இல் தந்தையார் காலமானார். மகனை ஆளாக்கும் பொறுப்பு தாயின் தோள்மேல் விழுந்தது. நாள்தோறும் திருமறை வாசித்தல், முழந்தாட்படியிட்டு ஜெபித்தல், உழைத்து உண்ணுதல், ஒரு காசும் வீணாக்காமை ஆகியவற்றை அவ்வம்மையார் தம் மகனுக்குப் பாலோடு ஊட்டி வளர்த்தார். அசரியாவின் பிற்கால வாழ்க்கையில் காணப்படும் ஒழுங்கும் எளிமையும் அந்தக் குருமனையில் வேரூன்றியவையே.

கல்வியும் இளமைப் பணியும்

மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் பள்ளிக் கல்வி பயின்றபின் அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்டார். ஆயின் இறுதித் தேர்வின்போது நோயுற்றமையால் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளிவந்தார். பட்டம் பெறாத அவருக்குப் பின்னாளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்துப் பெருமை கொண்டது. ஒரு தேர்வு தவறினால் உலகமே இருண்டதெனச் சோர்ந்துவிடும் மாணவர் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

மாணவப் பருவத்திலேயே, சாதி வேற்றுமையைக் களைதற்கென நண்பர்களோடு சேர்ந்து அவர் ஒரு சங்கம் அமைத்தார். ஒரே வேதத்தை ஓதி, ஒரே கூரையின்கீழ்த் தொழுதெழுவோர், உணவுவேளை வந்ததும் சாதி பார்த்துப் பிரிந்து அமர்தல் முறையன்று என்பது அவ்விளம் வயதிலேயே அவர் கொண்ட உறுதி.

1895 முதல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகத் தென்னாடெங்கும் பயணம் செய்தார். 1898-இல் அன்பு மாரியம்மாளை மணந்தார். பெயருக்கேற்ப அன்பே உருவான அவ்வம்மையார், கல்வி கற்ற கிறிஸ்தவப் பெண்மணிகளுள் ஒருவர். கணவரின் பணி அனைத்திலும் பாதியைத் தாங்கியவர்.

நம் ஆள், நம் பணம், நம் பொறுப்பு

1902-இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தக் காணிக்கையைக் கொண்டு பிற இடத்துக்கு நற்செய்திப் பணியாளரை அனுப்பி வருவதைக் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தைச் சுட்டது. எண்ணிக்கையிலும் வசதியிலும் மேம்பட்ட திருநெல்வேலித் திருச்சபை பிறர் தர வாங்கியே வாழ்வது தகுமோ என எண்ணினார். ஊர் திரும்பியதும் நண்பர்களைக் கூட்டினார். 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. ஆளும் நம்மவர், பணமும் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது என்பதே அச்சங்கத்தின் கொள்கை. 1905 கிறிஸ்துமஸ் நாளன்று வங்காளத்துச் செராம்பூரில் நாடு தழுவிய தேசிய மிஷனெரி சங்கம் அமைக்கப்பட்டபோதும் அவர் முன்னின்றார். அப்பணியில் அவருக்குத் துணைநின்ற சேலத்துக் கே. டி. பால் தமிழ்நாடு மறக்கலாகாத மற்றொரு தொண்டர்.

இங்கு நம் பகுதியின் வரலாறு ஒன்றையும் நினைவுகூர்தல் பொருந்தும். இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னர், 1854 முதல், ராக்லண்டு என்னும் ஆங்கிலக் குருவானவர் சிவகாசி வட்டாரத்துக் கரிசற் காட்டில் கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சென்று உழைத்தார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முன்னணியில் தேறியவர் அவர். நெல்லையின் தென்பகுதிச் சபைகள் தம் செலவில் உபதேசிமாரை முறைவைத்து அவருக்குத் துணையாக அனுப்பின. 1858 அக்டோபர் 22-ஆம் நாள் சிவகாசியிலேயே அவர் உயிர் நீத்தார். நம் மக்கள் நம் காணிக்கையால் பிறருக்குப் பணி செய்யலாம் என்னும் எண்ணத்திற்கு நம் மண்ணும் அன்றே வித்திட்டது எனலாம்.

கூடார வாழ்க்கை

நெல்லைச் சங்கம் தன் பணிக்களமாகத் தெரிந்துகொண்டது தோர்ணக்கல். அன்று அது நிஜாம் ஆட்சியின் கீழ் இருந்த தெலுங்குப் பகுதி; இன்று தெலங்கானா மாநிலத்தைச் சேர்ந்தது. பிறரை அனுப்பிவிட்டுத் தாம் நகரத்திலிருந்து அறிக்கை எழுதிக்கொண்டிருத்தல் அசரியாவுக்கு ஒப்பவில்லை. 1909-இல் குருப்பட்டம் பெற்று, மனைவி மக்களோடு தோர்ணக்கல் சென்றார். அவர்கள் முதலில் வாழ்ந்தது கூடாரத்தில். ஊர் புதிது, மொழி புதிது. முப்பத்தைந்து வயதில் தெலுங்கு எழுத்துக்களைக் கற்கத் தொடங்கிய அவர், அம்மொழியில் சரளமாகப் போதிக்கும் நிலையை அடைந்தார். மிதிவண்டியும் மாட்டு வண்டியுமே அவருடைய வாகனங்கள்.

அப்பகுதியில் திருச்சபையை நாடி வந்தோரில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் இரு சமூகத்தார். நிலமற்றோர், ஊருக்குப் புறம்பே ஒதுக்கப்பட்டோர், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமையும் மறுக்கப்பட்டோர். நம் முன்னோர் பட்ட பாட்டை நினைத்தால் அவர்கள் பட்ட பாடு நமக்கு விளங்கும்.

எடின்பரோவில் எழுப்பிய குரல்

1910-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பேராளர் கூடிய அவ்வவையில் ஆசிய நாட்டவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர்களுள் ஒருவராய் எழுந்து பேசினார் அசரியா. ஐரோப்பியத் தொண்டர்களின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை, நன்றியோடு ஏற்றார். ஆயின், பல ஆண்டுகள் ஒன்றாய் உழைத்தும் இந்திய ஊழியரைத் தம் வீட்டு மேசையில் அமர்த்தி உண்ணச் செய்யாத தொண்டர்களும் உளர் என்பதை வெளிப்படையாக எடுத்துரைத்தார். பொருள் தந்தீர், உழைப்புத் தந்தீர், எங்களுக்குத் தோழமையும் வேண்டும் என்னும் பொருள்பட அவர் முடித்தபோது அவை அதிர்ந்தது. சிலர் சினந்தனர், பலர் வெட்கினர். நூறாண்டு கடந்தும் அப்பேச்சு உலகத் திருச்சபையின் நினைவிலிருந்து அகலவில்லை.

இதன் உட்பொருளை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். உதவி செய்தல் எளிது; உடன் அமர்ந்து உண்ணுதல் அரிது. உதவி செய்பவன் மேலேயே நிற்கலாம். தோழன் மேலே நிற்க இயலாது. வெள்ளையரிடம் தோழமை கேட்ட அசரியா, அத்தோழமையைத் தாம் மாலா, மாதிகா மக்களுக்கு மறுக்கவில்லை. பிறரிடம் நாம் கேட்கும் நியாயத்தை நமக்குக் கீழெனக் கருதப்படுவோர்க்கு வழங்குகின்றோமா என்பதே ஒருவரின் உண்மைத் தன்மையை அளக்கும் அளவுகோல்.

முதல் இந்தியப் பேராயர்

1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. அப்போது அவருக்கு வயது 38. ஆங்கிலேயர் பலர் இதனை விரும்பவில்லை. நம் நாட்டவரிலும் அவர் பிறந்த குலத்தை எண்ணி எதிர்த்தோர் உண்டு. எதிர்ப்பை அவர் எதிர்த்துப் பேசி வெல்லவில்லை; உழைத்து வென்றார். அவர் மறையும் வரை இந்தியாவில் ஓர் ஆங்கிலிக்கன் பேராயத்தைத் தலைமை தாங்கி நடத்திய இந்தியர் அவர் ஒருவரே என்பதிலிருந்து அக்காலத்துத் தடைகளின் கடுமை புலனாகும்.

தொடக்கத்தில் சிறியதாய் இருந்த பேராயத்தோடு பின்னர்க் கிருஷ்ணை, கோதாவரி ஆற்றுப் பகுதிச் சபைகளும் இணைக்கப்பட்டன. அவருடைய இறுதிக் காலத்தில் சபையாரின் எண்ணிக்கை 2 இலட்சத்தைக் கடந்திருந்தது. 150-க்கு மேற்பட்ட இந்தியக் குருமாரும், 2,000-க்கு மேற்பட்ட சிற்றூர் ஆசிரியரும் அவர் தலைமையில் பணிபுரிந்தனர். அக்குருமாரில் மிகப் பலர் மாலா, மாதிகா குடும்பங்களில் பிறந்து, கூலிக்காரரின் மக்களாய் வளர்ந்தவர்கள்.

அந்தி மணி ஒலித்ததும்

இவ்வளவு பெரிய மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? மேடைப் பேச்சால் அன்று. நாள்தோறும் நடந்த சிறு செயல்களால் நிகழ்ந்தது.

ஒரு சேரியில் உள்ளோர் நெறியை அறிய விரும்பினால் அங்கு ஓர் ஆசிரியர் அனுப்பப்படுவார். அவரே உபதேசியார், அவரே பள்ளி ஆசிரியர், நோய்க்கு மருந்து தருபவரும் மனு எழுதித் தருபவரும் அவரே. பகலெல்லாம் பிறர் வயலில் உழைத்து மக்கள் வீடு திரும்பியபின், அந்தி வேளையில் மணி ஒலிக்கும். சிற்றாலயத்திலோ மரத்தடியிலோ அனைவரும் கூடுவர். எழுத்தறியாதவர்க்கு நூலால் போதிக்க இயலாதாகையால் பாட்டாலும் கதையாலும் போதித்தனர். பரமண்டல ஜெபத்தையும், பத்துக் கட்டளைகளையும், விசுவாசப் பிரமாணத்தையும் முதியவரும் சிறுவரும் வாய்ப்பாடமாகக் கற்றனர். தெலுங்கு மெட்டிலேயே பாடினர். தம் நாட்டுக் கருவிகளையே இசைத்தனர். அந்நிய நாட்டு உடையும் இசையும் இன்றியே ஒருவன் கிறிஸ்தவனாய் வாழலாம் என்பது பேராயரின் துணிபு.

நெடுநாள் பயிற்சிக்குப் பின்னரே திருமுழுக்கு வழங்கப்பட்டது. தாம் சந்திக்கும் சபையாரிடம், தலைமேல் கை வைத்து, தாம் திருமுழுக்குப் பெற்றவர் என்பதையும், பெற்ற நற்செய்தியைப் பிறர்க்குக் கூறாதிருத்தல் தமக்குக் கேடு என்பதையும் அறிக்கையிடச் செய்வது அவர் வழக்கம். நேற்று வரை வாய் பொத்தி நின்ற கூலிக்காரர், தம்மிடம் பிறர்க்குத் தரத்தக்க ஒரு செல்வம் உண்டு என்று தம் வாயால் அறிக்கையிட்டனர். தாழ்வு மனப்பான்மை என்னும் நோய்க்கு இதனினும் சிறந்த மருந்து உண்டோ?

கொடுத்தலையும் அவர் கற்பித்தார். ஒவ்வொரு வேளையும் உலையிடுமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைக்கும் வழக்கம் நெல்லையிலும் உண்டு, தோர்ணக்கல்லிலும் வேரூன்றியது. அறுவடைப் பண்டிகையில் கோழியும் முட்டையும் தானியமும் காணிக்கையாய்க் குவிந்தன. ஏழை என்பதற்காக ஒருவனிடம் காணிக்கை பெறாது விடுதல் அவனை இகழ்வதாகும் என்பது அவர் கருத்து. பெற்றுக்கொண்டே இருப்பவன் நிமிர முடியாது. கொடுப்பவனே நிமிர்ந்து நிற்பான்.

ஒரே பாத்திரம், ஒரே பந்தி

எனினும் பெருஞ்சிக்கல் ஒன்று உள்ளேயே இருந்தது. மேல்சாதியார் மாலாவையும் மாதிகாவையும் ஒருங்கே ஒதுக்கினர். மாலாவோ மாதிகாவை ஒதுக்கினார். இருவர்க்கும் தெரு வேறு, பந்தி வேறு, கொள்வினை கொடுப்பினை இல்லை. திருமுழுக்குப் பெற்றபின்னும் இவ்வேற்றுமை ஆலய வாயில் வரை பின்தொடர்ந்து வந்தது.

பேராயர் இதற்கு இடங்கொடுக்க மறுத்தார். ஒரே திருவிருந்துப் பாத்திரத்தில் இருவரும் பங்கு பெறல் வேண்டும். ஒரே விடுதியில் இருவர் பிள்ளைகளும் உண்டு உறங்கிக் கற்றல் வேண்டும். மாலாக் குருவானவர் மாதிகாச் சபைக்கும், மாதிகாக் குருவானவர் மாலாச் சபைக்கும் பணி செய்தல் வேண்டும் என்னும் நிலையில் நின்றார். இவ்வேற்றுமை அவர் காலத்தில் முற்றும் ஒழியவில்லை; இன்றளவும் ஒழியவில்லை. ஆயின் அதனை மரபு எனச் சொல்லி அவர் மூடி மறைக்கவில்லை. பாவம் எனச் சொல்லித் திறந்து காட்டினார்.

நம் வட்டாரத்து நிலையும் இதுவே அன்றோ? நம்மை ஒதுக்குவோர் நம் மூன்று சமூகத்தாரையும் ஒரே கோலால் அளக்கின்றனர். நாமோ நமக்குள் மேல் கீழ் பார்க்கின்றோம். ஆலயத்தில் அசனம் நடந்தால் ஒரே பந்தியில் அமர்கின்றோம். கை கழுவியபின் அவரவர் தெருவுக்குத் திரும்பியதும் பழைய கணக்கைத் தொடங்கிவிடுகின்றோம். அசனப் பந்தி ஆண்டுக்கு ஒரு நாள் சடங்காய் நின்றுவிடின் அதனால் யாது பயன்?

நான்கு பேய்கள்

சிற்றூர் மக்களை வாட்டும் பேய்கள் நான்கு எனப் பேராயர் எங்கும் பேசி வந்தார்: அழுக்கு, நோய், கடன், குடி. இவற்றை ஓட்டப் பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அமைத்தார். தோர்ணக்கல்லில் குருப்பயிற்சி பெற்றோர் வயலில் இறங்கியும் உழைத்தனர். அவர்களுடைய மனைவியரும் உடன் தங்கிக் கல்வியும் உடல்நலமும் கற்றனர். பெண்கள் கல்வியிலும் தாய்மார் சங்கப் பணியிலும் அன்பு அம்மையார் ஆற்றிய தொண்டு பெரிது.

குடியை விட்டு, தூய ஆடை உடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் மக்களைக் கண்டு, அவர்களை நேற்று வரை தீண்ட மறுத்த உழுகுடி மக்களிலும் பல்லாயிரவர் திருச்சபையை நாடினர். தாழ்ந்தோர் எனப்பட்டவரின் வாழ்க்கையே உயர்ந்தோர் எனப்பட்டவர்க்குப் பாடநூலாயிற்று.

நாட்டு வாழ்விலும் அவர் தம் கருத்தை மறைக்கவில்லை. 1932-இல் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தபோது, கிறிஸ்தவர்க்குத் தனித்தொகுதி வேண்டா என்றார். தம் நாட்டவரினின்று பிரிந்து தனிக்கூட்டமாய்ச் சுருங்குதல் திருச்சபைக்கு அழகன்று என்பது அவர் எண்ணம். மதமாற்றம் பற்றிக் காந்தியடிகளோடு அவர் கருத்து மாறுபட்டதும் வரலாறு. ஒடுக்கப்பட்டவர்க்குத் தம் நெறியைத் தாமே தெரிந்துகொள்ளும் அறிவும் உரிமையும் உண்டு என்பதில் அவர் உறுதியாய் நின்றார்.

ஆயின் நெறி மாறினும் நம் மக்களின் இடர் முழுதும் மாறிவிடவில்லை. 1950-ஆம் ஆண்டு ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்து சமயத்தார்க்கு என வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகவே தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோராகவே கொள்ளப்படுகின்றனர். உடன்பிறந்தார் இருவருள் ஒருவர்க்கு ஒரு சான்றிதழும் மற்றவர்க்கு வேறு சான்றிதழும் வழங்கப்படுவதைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் காணாத தலைமையாசிரியர் இப்பகுதியில் இரார். சான்றிதழ் இரண்டாயினும் வறுமை ஒன்றே, தெரு ஒன்றே. சான்றிதழ் பிரித்ததைச் சங்கம் சேர்த்தல் வேண்டும்.

ஆலயமும் ஐக்கியமும்

தோர்ணக்கல்லில் பேராயர் எழுப்பிய பேராலயம் 1939 ஜனவரி 6-ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது. உலகப் போராலும் பணமுடையாலும் அதன் வேலை பல்லாண்டுகள் நீண்டது. மசூதியின் குவிமாடமும் கோயிலின் தூண்களும் தாமரையும் வாழைப்பூவும் சிலுவையோடு இணைந்து நிற்கும் அவ்வாலயம் நம் நாட்டு ஆலயமாகவே காட்சி தருகின்றது.

கிறிஸ்தவர் பல சபைகளாய்ப் பிரிந்து கிடத்தல் ஏழை மக்களைக் குழப்புகின்றது என அவர் வருந்தினார். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 ஊழியர் கூடித் தென்னிந்தியச் சபைகளின் ஐக்கியத்துக்கு அறைகூவல் விடுத்தபோது அவர் முன்னணியில் இருந்தார். அதற்காகவே கால் நூற்றாண்டு உழைத்தார். ஆனால் அதன் நிறைவைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கல்லில் அவர் ஆவி பிரிந்தது. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் பலர்.

நம் கடமை

இளைஞர்களே! அசரியாவின் வரலாற்றைப் போற்றிப் பேசுவதோடு நாம் அமையலாகாது. அவர் கூறிய நான்கு பேய்களும் நம் ஊரை விட்டு ஓடிவிட்டனவா? பட்டாசு ஆபீசிலும் தீப்பெட்டி ஆபீசிலும் வாங்கும் முன்பணம் கடனாகி, அக்கடன் அடுத்த தலைமுறையையும் மருந்து அறைக்கு இழுக்கின்றது. சனிக்கிழமைக் கூலி வீடு வந்து சேருமுன் அதில் ஒரு பங்கைக் குடி வாங்கிக்கொள்கின்றது.

2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் அச்சங்குளத்துப் பட்டாசுத் தொழிற்சாலை வெடி விபத்தில் இருபதுக்கு மேற்பட்ட உழைப்பாளிகள் மாண்டனர். நெல்லையில் அசரியா தம் சங்கத்தைத் தொடங்கியதும் ஒரு பிப்ரவரி 12-ஆம் நாளே. நம்மைப் பொறுத்தவரை அந்நாள் துக்க நாள். அந்நெருப்பு சமயம் பார்க்கவில்லை, சாதி பார்க்கவில்லை. அன்று அழுதபோது நாம் ஒன்றாய் அழுதோம். அழுகையில் கூடிய நாம் வாழ்விலும் கூட வேண்டாமா?

தோர்ணக்கல்லில் மாற்றம் வந்தது அந்திதோறும் ஒலித்த ஒரு மணியால். நம் சங்கக் கட்டடத்திலும் அந்திதோறும் ஒரு விளக்கு எரியட்டும். ஆலயம் செல்வோர் ஆலயம் முடிந்தும், கோயில் செல்வோர் கோயில் முடிந்தும் அங்கு வரட்டும். கற்றவர் ஒருவர் கல்லாதார் ஐவர்க்குப் பாடம் சொல்லட்டும். கைப்பிடி அரிசி போல ஒவ்வொரு வீடும் வாரந்தோறும் ஒரு சிறு தொகையைக் கல்வி நிதிக்கு ஒதுக்கட்டும். மூன்று தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து படிக்கட்டும். ஆள் நம்மவர், பணம் நம்முடையது, பொறுப்பும் நம்முடையது என்னும் நிலை வந்தால், நம் சங்கம் பொன் விழாக் காணும்போது நம் பிள்ளைகள் எவரிடமும் இரந்து நில்லார்; எவரையும் இகழ்ந்தும் நில்லார்.

பேராயர் அசரியாவின் புகழ் ஓங்குக! நம் கல்விச் சங்கம் நீடு வாழ்க!